அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள்

ஜூலை 1, திங்கள்

காலையிலிருந்து என்னைத் திட்டாத ஒரே ஆள் கேன்டீன் மாஸ்டர். அவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது.

இன்று முதல் பழைய பாஸ்வேர்டில் யாரும் உள்ளே போக முடியாது. பென் டிரைவ் செருக முடியாது. ஒருவர் லாகினில் இன்னொருவர் வேலை பார்க்கக் கூடாது. ஒரு மாதமாக அறிவிப்புப் பலகையில் தொங்கிய விஷயம்தான். ஒருவரும் படிக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு வந்து நின்று கத்துகிறார்கள். அக்கவுண்ட்ஸ் அம்மாள் "கையி வெளங்காமப் போக" என்று என் காதுபடவே சொன்னாள். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசிங் பையன்கள் எனக்கு சிபிஐ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்த பெயரைவிட இது எவ்வளவோ மேல்.

போன வருடம் இதே பனியன் கம்பெனியில் எவனோ ஒருத்தன் மெயிலில் வந்த போலி பில்லைத் திறந்து, மொத்த டேட்டாவும் பூட்டிக்கொண்டு, நான்கு நாள் தையல் லைன் நின்றது. அப்போது என் காலில் விழாத குறை. இப்போது நான் கொடுமைக்காரி. நானாகவா செய்கிறேன்? சரக்கு வாங்குகிற ஜெர்மன் பையர் கறாராகச் சொல்லிவிட்டான். யார் எந்தத் தகவலைத் திறக்கிறார்கள் என்று கண்காணிக்காவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

ஹெச்.ஆர். தனபாலின் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் அவர் பெயரும் 123ம். அவர் கண் முன்னாலேயே கிழித்துக் குப்பையில் போட்டேன்.

"ஏனுங்க மேடம், இத்தன வருசமா அதானுங்களே இருந்துச்சு. என்ன கெட்டுப்போச்சுங்க?"

"இன்னும் கெடலை. அதனாலதான் இப்பவே கிழிக்கிறேன்."

மனிதர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வருத்தம் இல்லை.

ஜூலை 2

சர்வர் அறை ஏசி ஒழுகுகிறது. வாளி வைத்தேன். மெக்கானிக் நாளை வருவாராம். நாளை என்றால் திருப்பூரில் அடுத்த வாரம்.

ஜூலை 4, வியாழன்

பணியாளர் விவரங்களுக்குப் போட்ட கண்காணிப்பு இன்றுதான் ஒழுங்காக அறிக்கை கொடுத்தது. யாராவது ஒரு தொழிலாளியின் பக்கத்தைத் திறந்தால் லாக் என்கிற பதிவில் ஒரு வரி ஏறும். யாருடைய லாகின், எந்த மெஷின், யாருடைய பக்கம், எத்தனை மணிக்கு. மாற்றினால்தான் என்றில்லை, பார்த்தாலே பதிவாகும்.

இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஹெச்.ஆர். லாகின் ஒரே பெண்ணின் பக்கத்தை இந்த வாரம் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறது. சுகப்பிரியா, ஃபைனல் செக்கிங். முகவரி, ஃபோன் நம்பர், எந்த வேன், கேட்டில் விரல் வைத்த நேரம்.

தனபாலுக்கு ஐம்பது வயது. இரண்டு பிள்ளைகள். நேராகப் போய் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன்.

"செக்கிங்ல இருக்கற அந்தப் பொண்ணு வீட்டு அட்ரஸ் உங்களுக்கு எதுக்கு?"

"எந்தப் பொண்ணுங்க?"

"சுகப்பிரியா."

"அய்யோ, அது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க மேடம். என்ற பசங்க மேல சத்தியமுங்க."

சத்தியம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தியம் செய்துவிட்டுத்தான் கையை ஓங்குவார்கள். லாக் சத்தியம் செய்யாது. அதனால் அதை நம்புகிறேன்.

ஜூலை 5, வெள்ளி

தனபால் இன்று லீவு. சின்ன மகனுக்குப் பழனியில் மொட்டை. அவர் லாகின் மட்டும் வேலைக்கு வந்து, பதினொன்றரை மணிக்கு அதே பெண்ணின் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறது.

நேற்று பார்க்காமல் விட்டதை இன்று பார்த்தேன், மெஷின் எது என்று. ஜெனரல் மேனேஜர், அதாவது ஜிஎம்மின் கேபினில் விருந்தாளிகளுக்காகப் போட்டிருக்கும் இரண்டாவது கம்ப்யூட்டர்.

தனபாலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். புது பாஸ்வேர்டையும் எங்காவது ஒட்டி வைத்திருப்பார்.

ஜூலை 8, திங்கள்

ஜிஎம் கூப்பிட்டார். பெயர் சென்னியப்பன், முதலாளியின் சொந்தக்காரர். நூல் வாங்குவதிலிருந்து கேன்டீன் சாம்பார் வரை அவர் சொல்வதுதான் கம்பெனி. முதலாளி பாதி வருடம் வெளிநாட்டில்.

உட்காரச் சொல்லவில்லை.

"ஹெச்.ஆர். பாஸ்வேர்டை எதுக்கு அம்மிணி மாத்துன?"

"தனபால் லீவுல இருக்கும்போது யாரோ அவர் லாகின்ல உள்ள போயிருக்காங்க சார். இந்த ரூம் மெஷின்ல இருந்து."

"யாரோ என்ன யாரோ. நாந்தான். என்ற கம்பெனில என்ற ஆளுக விவரத்த நான் பாக்கக் கூடாதா?"

"உங்க பேருக்கே லாகின் இருக்கு சார். அதுல பாருங்க. உங்க பேர்ல பதிவாகும்."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லு. நான் எதையாச்சும் அழிச்சனா? திருத்துனனா? காசு எடுத்தனா? வெறுமனே பாக்கறது ஒரு குத்தமா?"

"எந்த வேலைக்காகப் பாத்தீங்கன்னு சொன்னா குத்தமில்ல சார்."

"வெளிய போ. புது பாஸ்வேர்டு சாயங்காலத்துக்குள்ள என்ற டேபிளுக்கு வரோணும்."

நான் கொடுக்கவில்லை. தனபால் கொடுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு அந்த மெஷினிலிருந்து மறுபடி அதே பக்கம்.

ஜூலை 9

ஏசி மெக்கானிக் வந்தார். குழாயில் எலி கூடு கட்டியிருக்கிறதாம். நான்கு வயர்களையும் கடித்து வைத்திருக்கிறது. எல்லாப் பாதுகாப்பும் போட்ட சர்வர் அறைக்குள் ஒரு எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆளில்லை.

ஜூலை 10, புதன்

செக்கிங் பிரிவுக்குப் போனேன். நீள மேஜைகளில் வெள்ளை வெளிச்சம், குவியல் குவியலாகக் குழந்தைச் சட்டைகள். சூப்பர்வைசரிடம் பெயரைச் சொன்னேன். ஒல்லியான பெண், இருபத்து மூன்று இருக்கும். பிசிறு நூல் வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தாள்.

"உங்க விவரத்தை யாரோ அடிக்கடி பாக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேக்க வந்தேன்."

"நீங்க யாருங்க?"

"தமயந்தி. கம்ப்யூட்டர் செக்‌ஷன்."

"என்னையப் பத்தி உங்களுக்கு என்னங்க? யாரு அனுப்புனா? எங்க பெரியப்பனா?"

"யாரும் அனுப்பலை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க." கத்தரியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரரு பேரு கூட நான் சொல்ல மாட்டேன். போயிருங்க."

நான் கேட்டது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கேள்வி. வீட்டுக்காரர் பேச்சே எடுக்கவில்லை. திமிர் பிடித்த பெண். ஆனாலும் கதவுக்கு முதுகு காட்டாமல் சுவரோரமாக நின்று பேசினாள். அது நல்ல பழக்கம்.

ஜூலை 11, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் அவளே மாடிக்கு வந்தாள். சர்வர் அறைக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்று விதி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே பேசினாள்.

தாராபுரம் பக்கத்துக்காரி. இளமாறன் என்கிற பையனைக் கட்டியிருக்கிறாள். வேறு சாதி. இதே ஊரில் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். வீட்டில் தேடுகிறார்கள். பெரியப்பா சாயப்பட்டறை வைத்திருக்கிறவர், ஆள் பலம் உள்ளவர். "அவன ஒண்ணுமில்லாமப் பண்ணிப்போட்டு உன்னையக் கூட்டிட்டுப் போவம்" என்று ஃபோனில் சொன்னாராம். அதோடு தன் ஃபோன் நம்பரையே மாற்றிவிட்டாள்.

"வீடு ரெண்டு தடவ மாத்திட்டோமுங்க. யாருக்கும் சொல்லல. எங்க அம்மாவுக்குக் கூட. ஆனாலும் வந்தர்றாங்க. மொதல்ல இருந்த வீட்டுக்கு ஆளுக வந்தாங்க. அக்கம்பக்கத்துல சத்தம் போட்டதுல போயிட்டாங்க. அடுத்த வீட்டுக்குப் போன மறுநாளே முக்குக் கடைல பைக்குல நின்னு விசாரிச்சிருக்காங்க. இப்ப மூணாவது வீடு. எப்பிடிங்க தெரியுது? அவரு கூட்டாளிகதான் சொல்றாங்கன்னு நான் அவரோட சண்ட போட்டேன். ஒரு வாரம் பேசல."

"வீடு மாத்தினா கம்பெனில சொன்னீங்களா?"

"வேன் வரோணுமில்லீங்க. ஹெச்.ஆர்.ல எழுதிக் குடுத்தேன்."

அவள் சொன்ன நாட்களை எழுதிக்கொண்டு உள்ளே போனேன். ஜூலைக்கு முந்தையதற்குக் கண்காணிப்பு அறிக்கை இல்லை. ஆனால் பையரின் பெங்களூர் ஆபீஸுக்கும் நகல் போகிற சர்வரின் பழைய பதிவுகளில் தோண்டினால் கிடைக்கும். கிடைத்தது. அவள் புது முகவரி எழுதிக் கொடுக்கிறாள். தனபால் அதை ஏற்றுகிறார். அன்றைக்கே ஜிஎம் கேபினிலிருந்து அந்தப் பக்கம் திறக்கப்படுகிறது. மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். இரண்டு முறையும் அப்படியே.

வெளியே வந்து சொன்னேன். அவள் அந்த நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அவரோட கூட்டாளிக இல்லீங்க."

"இல்ல."

"நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

அழப் போகிறாள் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள், பெல் அடிப்பதற்குள்.

எனக்கு அந்தப் பெண் மேல் தனியாக அக்கறை எல்லாம் கிடையாது. இது விதிமீறல். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

ஜூலை 12

ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டு குத்துகிறது. காற்று மாறினால் அப்படித்தான்.

ஜூலை 15, திங்கள்

காலையில் வந்ததும் முதல் வேலையாக எல்லாப் பணியாளர்களின் முகவரியையும் ஃபோன் நம்பரையும் மறைத்துவிட்டேன். பார்க்க வேண்டும் என்றால் காரணம் டைப் செய்ய வேண்டும். காரணமும் பதிவாகும். வேன் டிரைவர்களுக்கு நிறுத்தத்தின் பெயர் மட்டும் போகும். இதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறது. பையரின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

பதினோரு மணிக்கு ஜிஎம் கேபினிலிருந்து அழைப்பு. உள்ளே இன்னொருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. அமைதியான முகம். அவர்தான் சாயப்பட்டறைப் பெரியப்பா என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஜிஎம் ஒரு கவரை நீட்டினார். மெமோ. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. வெளியிலிருந்து ஒரு சர்வீஸ் கம்பெனி இருபத்து ஆறாம் தேதி வருகிறது, அதற்குள் எல்லா பாஸ்வேர்டையும் ஒப்படைக்க வேண்டும். வாயால் இன்னொன்று சொன்னார்.

"அந்த லாக்கு கீக்கெல்லாம் அதுக்குள்ளாற அழிச்சுப்போடு."

"முடியாது சார்."

"முடியாதா, மாட்டியா?"

"ரெண்டும்தான்."

பெரியப்பா கையை உயர்த்தி ஜிஎம்மை அடக்கினார். என்னிடம் தணிவாகப் பேசினார்.

"கோவப்படாதீங்க அம்மிணி. நாங்க ஒண்ணும் கொலகாரங்க இல்ல. பெத்தவ சோறு தண்ணியில்லாமக் கெடக்கறா. புள்ளையப் பாத்து நாலு வார்த்த பேசோணும், அவ்வளவுதான். நீங்களும் ஒரு வீட்டுப் பொண்ணுதான? எந்தக் குடும்பத்துல இருந்து வந்தீங்களோ, அவியளுக்கும் உங்களப் பாக்கோணும்னு இருக்குமில்ல?"

மெமோவைக் கவரோடு இரண்டாக மடித்தேன்.

"அந்தப் பச்ச கேட்டு வீடு புள்ளைக்கு வசதியா இருக்குதுங்களா? மாடிப்படி கைப்பிடி கூட இல்லையாட்டம் இருக்குது. வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நேராகச் செக்கிங் பிரிவுக்குப் படியிறங்கினேன். சுகப்பிரியாவிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"உங்க வீட்டு கேட் என்ன கலர்?"

"பச்சைங்க. ஏனுங்க?"

"இன்னிக்கு வேன்ல ஏறாதீங்க. அவருக்கு ஃபோன் பண்ணி வேலையில இருந்து நேரா வேற எங்கயாவது போகச் சொல்லுங்க. வீட்டுப் பக்கம் போக வேண்டாம்."

இளமாறன் பெருந்துறையில் ஒரு நண்பன் அறைக்குப் போனான். அங்கே ஆண்கள் மட்டும் தங்குகிறார்கள். இவளுக்குப் போக இடமில்லை. மாலை ஐந்தரைக்கு என் ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டிவந்தேன். வேறு வழியில்லை.

ஜூலை 16, செவ்வாய்

என் அறைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. இரண்டு தம்ளர்தான் இருந்தது. அதில் ஒன்றில் பல் துலக்கும் பிரஷ்.

சுறுசுறுப்பான பெண். விடிவதற்குள் வாசல் பெருக்கி, ரசம் வைத்துவிட்டாள். எனக்குப் பிடிக்காத அளவுக்குக் காரம். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கதவில் மூன்று தாழ்ப்பாள். ஜன்னலில் திரை. ஸ்கூட்டரை எப்போதும் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவேன், அதையும் பார்த்தாள்.

"தாப்பாளு எதுக்குங்க மேடம் மூணு?"

"திருட்டு பயம்."

அறையில் திருடுவதற்கு ஒரு மிக்சி இருக்கிறது. அவள் மிக்சியைப் பார்த்தாள், பிறகு என் இடது கையைப் பார்த்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் கேட்காத பெண். அந்த வகையில் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இளமாறனுக்கு ஃபோன் செய்தாராம். நேற்று இருட்டுவதற்கு முன்பே இரண்டு கார் வந்து பச்சை கேட் முன்னால் நின்றதாம். பூட்டை உடைத்துப் பாத்திரங்களை வெளியே வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதை அவள் சொல்லும்போது நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் துருவினேன். ஒரு முழு மூடி. நாங்கள் இருவர்தான்.

ஜூலை 17, புதன்

மகளிர் காவல் நிலையம். எஸ்.ஐ. பேச்சியம்மாளுக்கு என் ஊர்ப் பக்கப் பேச்சு. ஆனால் என் ஊர்க்காரர்களின் இரக்கம் எதுவும் தெரியவில்லை. முதலில் சுகப்பிரியாவை ஒரு பிடி பிடித்தார். "ஓடும்போது எங்களைக் கேட்டா ஓடுன?" பிறகு நான் நீட்டிய தாள்களைப் புரட்டினார்.

"இது என்னது? ஒரே இங்கிலீசும் நம்பருமா இருக்கு."

விளக்கினேன். இந்த வரி அவள் முகவரி மாற்றியது. அடுத்த வரி ஜிஎம் அறையில் திறந்தது. அதற்கு மறுநாள் ஆட்கள் வந்தது.

"சரி. இதை நீங்களே உங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து டைப் அடிச்சுக் கொண்டாந்திருக்கலாம்லா? உங்களுக்கும் மேனேஜருக்கும் ஏதோ தகராறுன்னு வைங்க. நான் எப்படி நம்புறது?"

முட்டாள்தனமான கேள்வி இல்லை. இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"இதோட நகல் பதிவாகற அந்த நிமிஷமே பையரோட பெங்களூர் ஆபீஸுக்கும் போயிடும் மேடம். அங்க போனதை நானே நெனச்சாலும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. அப்படித்தான் அமைச்சேன்."

"எதுக்கு அப்படி?"

"என்னையும் நம்பக் கூடாதுன்னு."

பேச்சியம்மாள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார். மூன்று வந்தது.

ஜூலை 19, வெள்ளி

ஜிஎம்மையும் பெரியப்பாவையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். தம்பதிக்கு இடையூறு செய்யமாட்டோம். பணியாளர் யாருடைய சொந்த விவரத்தையும் வெளியாருக்குத் தரமாட்டேன். இதில் பின்னது ஜிஎம் எழுதிக் கொடுத்தது. பூட்டு உடைத்ததற்குத் தனி வழக்கு.

கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜையிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அக்கவுண்ட்ஸ் அம்மாள் போகும்போது சொன்னாள்: "ஊட்டக் கெடுக்கறவளுக்கு இந்த ஓடுகாலிதான் ஜோடி." கேன்டீன் மாஸ்டர் கூட இன்று பொரியல் தீர்ந்துவிட்டது என்றார். பாத்திரத்தில் இருந்தது, பார்த்தேன்.

தனபால் மட்டும் ஏதோ சொல்ல வருவது போல நின்றார். எனக்கு நேரமில்லை.

ஜூலை 22, திங்கள்

கண்காணிப்பின் எச்சரிக்கை மெயில் காலையிலேயே வந்திருக்கிறது. யுபிஎஸ் வேலையில் இருந்ததால் மூன்று மணிக்குத்தான் பார்த்தேன்.

திறக்கப்பட்ட பக்கம்: தமயந்தி, கம்ப்யூட்டர் பிரிவு. மெஷின்: ஜிஎம் கேபின். லாகின் இந்த முறை அவருடையதே. ஒளிக்கவில்லை. திறந்த பகுதி, அவசரத் தொடர்பு. காரணம் என்ற இடத்தில் டைப் செய்திருக்கிறார்: சும்மா.

அந்தப் பகுதியில் ஒரு பெயரும் ஒரு நம்பரும் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்தது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள், எனக்கு வேறு நம்பர் தெரியாது. நம் பக்கத்தை நாமே திருத்தக் கூடாது என்பது நான் போட்ட விதி. தனபாலிடம் மாற்றச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். எல்லாருக்கும் எல்லாம் மறைத்தேன். இந்தப் பெயரை எடுக்க மட்டும் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

பேக்கப் சரியாக ஓடியது.

ஜூலை 23, செவ்வாய்

வந்துவிட்டார்.

சர்வர் அறையில்தான் சிசிடிவி திரைகளும் இருக்கின்றன. பன்னிரண்டு மணி வாக்கில் ரிசப்ஷன் திரையில் பார்த்தேன். முடி நரைத்திருக்கிறது. மற்றபடி அதே உட்காரும் விதம், கால்களைப் பரப்பி, இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்து, யாரோ பரிசு கொடுக்கக் கூப்பிட்டு உட்கார வைத்தது மாதிரி. ஜிஎம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது மிக நல்ல மனிதராகத் தெரிவார். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சிசிடிவியில் தேடினால் தெரியும். தேடப் போவதில்லை.

பிறகு பேச்சியம்மாளுக்கு ஃபோன் செய்தேன். குரல் வரவில்லை. நேற்றைய லாகைப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது குரல் வந்துவிட்டது, கீழே உட்கார்ந்திருப்பது யார் என்றும் சொல்லிவிட்டேன்.

"காரணம்னு என்ன போட்டிருக்காரு?"

"சும்மா."

"சும்மாவா?" மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "எழுதிக் குடுத்து நாலு நாளு ஆவல. அங்கனயே இருங்க. இல்ல, இருக்காதீங்க. அந்த ஆள் கண்ணுல படாம வெளிய போயிருங்க. மீதியை நான் பாத்துக்கிடுதேன்."

கதவைத் தட்டும் சத்தம். தனபால். மூச்சு வாங்கியது.

"மேடம், கீழ ஒருத்தரு உங்க வீட்டுக்காரருன்னு சொல்லிட்டு... ஜிஎம் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க."

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

"இல்லீங்க." தரையைப் பார்த்தார். "லோடு கேட்டு தொறந்துதான் கெடக்குது. நான் வண்டிய அங்க கொண்டாந்து நிறுத்திட்டேன். வாங்க. அன்னைக்கு அந்தப் பாஸ்வேர்டை நான் குடுத்துட்டேனுங்க மேடம். அவரு கேட்டாரு, குடுத்துட்டேன். அந்தப் புள்ள ஊட்டுப் பாத்திரத்தையெல்லாம் ரோட்டுல போட்டாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்கு ஒறக்கமில்லீங்க."

துணி பேல்களுக்கு நடுவே நடந்தோம். என் ஸ்கூட்டர் முன் வாசலில் இருக்கிறது, அதை எடுக்க முடியாது. தனபாலின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்காத மனிதர். முகவரி சொல்ல வேண்டியிருந்தது. தெருமுனையில் இறக்கிவிடுங்கள் என்றேன். அவர் தெருமுனையிலேயே நிறுத்தி, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருக்கும் சுகப்பிரியா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூன்று தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 24, புதன்

தனபால் ஃபோன். பேச்சியம்மாள் இரண்டு கான்ஸ்டபிளோடு ரிசப்ஷனுக்கே வந்து, அந்த மனிதரிடம் இனி இந்த ஊர்ப் பக்கம் பார்த்தால் உள்ளே வைப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். அவர் ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாராம். அந்த மரியாதை எனக்குத் தெரியும். ஜிஎம்மை ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

பெங்களூர் ஆபீஸுக்கு அந்த "சும்மா" திங்களன்றே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் முதலாளியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

ஜூலை 25, வியாழன்

முதலாளி வெளிநாட்டிலிருந்து பேசினார். சென்னியப்பன் இனி கம்பெனிக்கு வரமாட்டார். மெமோ ரத்து. நான் தொடர வேண்டும், சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார்.

மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். சொந்தக் காரணம் என்றேன்.

அந்த மனிதருக்கு இந்த ஊர் தெரிந்துவிட்டது. இனி இங்கே எந்தப் பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை.

ஜூலை 26, வெள்ளி

சர்வீஸ் கம்பெனியின் ஆளிடம் எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைத்தேன். சின்ன வயசுக்காரி, கூர்மையாகக் கேள்வி கேட்கிறாள். ஆட்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதே, முகவரி மறைப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுக்கக் கூடாததன் காரணத்தைச் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, "யார் கேட்டாலும் எடுக்க மாட்டேன்" என்றாள்.

சுகப்பிரியாவும் இளமாறனும் இன்று மாலை ரயில் ஏறினார்கள். எந்த ரயில் என்று நான் பார்க்கவில்லை. பிளாட்ஃபாரத்துக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். அந்தப் பையனை முதல்முறையாக இன்றுதான் பார்த்தேன். அவளைவிடக் குட்டை. என்ன சொல்வதென்று தெரியாமல் என் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஊர் எழுதப் போவதில்லை. வேலை கிடைத்துவிட்டது. இங்கேயும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஒரு வாரமாகத் திட்டு வாங்குகிறேன். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் சேர்ந்த அன்றே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஹெச்.ஆர். பெண் ஏன் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். எளிதாகத்தான் இருந்தது.

மதியம் ஃபோன் வந்தது. புது நம்பர். எடுக்காமல் விட்டேன். மறுபடி வந்தது.

"மேடம், நாந்தானுங்க."

பின்னால் பிரஷர் குக்கர் சத்தம். தெருவில் யாரோ ஏதோ விற்றுக்கொண்டு போனார்கள். என்ன மொழி என்று கவனித்துவிடக் கூடாது என்பதற்காகக் காதிலிருந்து ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கமுங்க. அவருக்கும் வேல கெடச்சிருச்சு. வீடு சின்னதுதான், ஆனா வெளிச்சமா இருக்குது. மொட்டமாடி இருக்குது. நீங்க ஒருக்கா வரோணும் மேடம். அட்ரஸ் சொல்லட்டுங்களா? எழுதிக்கறீங்களா?"

"வேண்டாம்."

"உங்களுக்குக் கூடவாங்க?"

"எனக்கும் வேண்டாம் கண்ணு."

குக்கர் இன்னொரு விசில் விட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, அவள் அடுப்பைத் தணிக்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்ததும் என்ன சமையல் என்று கேட்டேன். ரசம் என்றாள். காரம் குறைச்சலாகப் போடு என்றேன். அதன் பிறகு நெடுநேரம் ரசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.